ஈரம் காயும் முன்னே

மழையில் ஸ்டார்ட் ஆகாத காடி, பட்டறைக்கு வரும்போது எந்தக் குறையும் இல்லாமல்தான் வரும். விடியற்காலையில் எத்தனை தடவை சாவியைத் திருப்பினாலும் உயிர் வராத வண்டி, பத்து மணிக்கு வெயில் ஏறி பானட் சூடாகி ஈரம் காய்ந்ததும் ஒரே திருப்பில் கிளம்பிவிடும். ஓட்டி வந்தவருக்கு என் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கும். "காலையில நெசமாவே ஸ்டார்ட் ஆவலண்ணே" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்வார். அவர் சொல்வதை நான் அப்படியே நம்புவேன். நோவு வந்த நேரத்தில் வண்டியோடு இருந்தவர் அவர்தான்.

எங்கள் புக்கிட் தெங்கா, பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பக்கம், செபராங் பிறையில் இருக்கிறது. ஒரு பக்கம் பிறைத் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் புக்கிட் மெர்தாஜாம், தெற்கே ஜூரு. கடலும் ஜூரு ஆற்றுச் சதுப்பும் தொலைவில் இல்லை. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இங்கே மழை அதிகம்; ஏப்ரல், மே மாதங்களிலும் சாயங்கால இடிமழை கொட்டும். ராத்திரி மழை விட்டு விடியப் போகும் நேரத்தில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டி நிற்கும். பாதி ஊர் வேலைக்குக் கிளம்புவதும் அந்த நேரத்தில்தான். தொழிற்சாலைகளில் காலை ஷிப்டு ஏழு மணிக்குத் தொடங்கிவிடும். நமக்கோ சூரியன் உதிப்பதே ஏழு மணிக்கு மேல். ஒரு நாள் தாமதமானால் அந்த மாத வருகை அலவன்ஸே போய்விடும் என்ற நிலையில் இருப்பவர்கள்தான் என்னிடம் வருகிறவர்கள். அதனால் இந்தக் கோளாறைச் சின்னது என்று நான் நினைத்ததில்லை.

நான் பொமேன் வேலை, அதாவது மெக்கானிக் வேலை, கற்றது 1990களில். பட்டறை வாசலில் அப்போது நின்றவை பெரும்பாலும் பழைய டட்சன், டொயோட்டா, அப்புறம் புரோட்டோன் சாகா. சாகா 1985 ஜூலையில் வந்தது. அதே ஆண்டு பினாங்குப் பாலத்தைத் திறந்துவைத்த அன்றைய பிரதமர் மகாதீர், ஒரு சாகாவை ஓட்டிக்கொண்டுதான் பாலத்தைக் கடந்தார். 1992இல் இஸ்வாரா வந்தது, 1994இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. தோட்டத்து லயத்தை விட்டு அடுக்குமாடிக்கும் தாமானுக்கும் குடிவந்த நம்மவர் பலருக்கு முதல் காடி இவற்றில் ஒன்றுதான். அப்பா வாங்கியது என்று இன்னமும் கொடுக்காமல் வைத்திருக்கிறார்கள். விற்றால் கிடைப்பது சொற்பம்; வைத்திருந்தால் மாதத் தவணை இல்லாத வண்டி. அதை ஓட வைத்துக்கொடுப்பது என் வேலை.

இந்த வண்டிகளில் பிளக்குக்குப் பொறி போய்ச் சேரும் வழி நீளமானது. பேட்டரியின் 12 வோல்ட்டை காயில் வாங்கி 15,000, 20,000 வோல்ட்டாக ஏற்றிவிடும். அது தடித்த கேபிள் வழியாக டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவில் இறங்கி, ஒரு சின்னக் கரித்துண்டைத் தொட்டு, ரோட்டருக்குப் போகும். ரோட்டர் சுழன்றுகொண்டே நான்கு சிலிண்டர் வண்டியில் 1, 3, 4, 2 என்ற வரிசையில் ஒவ்வொரு பிளக் கேபிளுக்கும் அதைப் பங்கு வைக்கும். ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்தூண்டல்தான் காயிலுக்கு அடிப்படை. அமெரிக்காவில் சார்ல்ஸ் கெட்டரிங் அதைக் காருக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுக்க, 1910ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் அது வந்தது. அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் உலகமெங்கும் பெட்ரோல் கார்கள் இந்த வழியில்தான் ஓடின. அவ்வளவு அழுத்தமுள்ள மின்சாரம் பிளக் வரை சிந்தாமல் போக வேண்டுமென்றால், வழி நெடுக ரப்பரும் பிளாஸ்டிக்கும் அதைக் கட்டிக் காக்க வேண்டும். வயதாகும்போது முதலில் தளர்வது அந்தக் காவல்தான்.

தண்ணீர் பட்டால் மின்சாரம் கசியும் என்று எல்லாரும் சொல்வார்கள். சுத்தமான தண்ணீர் உண்மையில் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. கேபிளின் மேலும் மூடியின் மேலும் பல வருடமாகப் படிந்திருக்கும் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் கடற்காற்று கொண்டுவந்த உப்பும் அந்தத் தண்ணீரில் கரையும்போதுதான் மின்சாரத்துக்கு வழி திறக்கிறது. காய்ந்திருக்கும்போது அதே அழுக்கு ஒன்றும் செய்யாது. மழை நாளில் மட்டும் கோளாறு வந்து போவதன் காரணம் இதுதான். புதுக் கேபிளும் வெடிப்பில்லாத மூடியும் துடைத்துச் சுத்தமாக இருந்தால், அடை மழையிலும் வண்டி எழும்பும்.

இன்னொன்றும் சேர்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி நனைந்தால் பெரும்பாலும் சமாளித்துவிடும். நிற்கும் வண்டியை எழுப்புவதுதான் கஷ்டம். ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கும் மேல் இழுக்கும்போது பேட்டரியின் அழுத்தம் 10 வோல்ட் பக்கம் இறங்கிவிடும். காயிலுக்குக் கிடைப்பதும் அவ்வளவுதான். பொறிக்கு மிகுந்த பலம் தேவைப்படும் நேரத்தில்தான் அதற்குக் கிடைக்கும் பலம் மிகக் குறைவு. பிளக் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தால் தேவை இன்னும் கூடும். இந்த நிலையில் ஈரம் கொஞ்சம் திருடினாலே போதும், பிளக்கில் பொறி விழாது.

இது நம் ஊர் வண்டிகளுக்கு மட்டும் உள்ள நோவு என்று நினைக்க வேண்டாம். 1959இல் வெளிவந்த பிரிட்டிஷ் மினியில் டிஸ்ட்ரிபியூட்டர் முன்பக்கக் கிரில்லுக்கு நேர் பின்னால் இருந்தது. சாரல் நேராக அதன் மேல் அடித்து வண்டி நின்றுவிடும். மினிக்காரர்கள் ரப்பர் கையுறையின் விரல் நுனிகளை வெட்டி, ஒவ்வொரு விரல் வழியாகவும் ஒரு கேபிளை விட்டு, டிஸ்ட்ரிபியூட்டருக்கே உறை மாட்டி ஓட்டினார்கள்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த சீனத் தவுக்கே புக்கிட் மெர்தாஜாமில் பட்டறை வைத்திருந்தார். நனைந்த வண்டி வந்தால் நாங்கள் பையன்கள் துணியை எடுத்துக்கொண்டு ஓடுவோம். அவர் மலாயில் "ஜாங்கான் லாப் டூலு" என்று தடுத்துவிடுவார். துடைக்காதே, பொறு. துடைத்தால் வண்டி எழும்பிவிடும், வாடிக்கையாளர் சந்தோஷமாகப் போய்விடுவார், அடுத்த மழைக்குத் திரும்பி வருவார். எங்கே கசிந்தது என்பது கடைசி வரை யாருக்கும் தெரியாது. ஈரம் இருக்கும்போதே பார்க்க வேண்டும்; காய்ந்துவிட்டால் நாமே ஈரமாக்கிப் பார்க்க வேண்டும். அவரிடம் நான் கற்றதில் பெரிய பாடம் இது.

பார்ப்பதற்கு முன் கேட்க வேண்டும். சாவியைத் திருப்பும்போது இன்ஜின் இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றுகிறதா, வழக்கமான வேகத்தில் சுற்றியும் பற்றிக்கொள்ளாமல் இருக்கிறதா? இரண்டும் வேறு வேறு கோளாறு. மெதுவாகச் சுற்றினால் டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடவே வேண்டாம். மீட்டரைப் பேட்டரியில் வைக்க வேண்டும். ராத்திரி முழுக்க நின்ற நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. பேட்டரியைக் கொல்வது குளிர் என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் போட்டிருக்கும். நம் ஊரில் அதன் ஆயுளைத் தின்பது வெயில். பேட்டரி நன்றாக இருந்தும் மெதுவாகச் சுற்றினால் ஏர்த் கேபிளைப் பார்க்க வேண்டும். அது பாடியில் முடுக்கியிருக்கும் இடத்தில் பச்சை பூத்து, துரு ஏறி, மின்சாரம் திரும்பும் வழியை அடைத்திருக்கும். பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் உடம்புக்கும் மீட்டரை வைத்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. காட்டினால் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடுக்கினால் தீர்ந்தது. இதற்குப் போய் ஸ்டார்ட்டர் மோட்டாரை மாற்றிய வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேகமாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் பெட்ரோலா, பொறியா என்று பிரிக்க வேண்டும். பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் நனைந்து மணக்கிறதா? பெட்ரோல் வருகிறது, பொறிதான் இல்லை. இதில் வண்டிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. எழும்பாத வண்டியைத் திரும்பத் திரும்பச் சுற்றினால் பிளக் பெட்ரோலில் ஊறி, வரவிருந்த பொறியும் அதிலேயே செத்துவிடும். பத்து விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் சுற்றக் கூடாது. நிறுத்தி, ஸ்டார்ட்டர் ஆற விட்டு, கார்பரேட்டர் வண்டியானால் எண்ணெய் மிதியை அடி வரை மிதித்துப் பிடித்துக்கொண்டு ஒரு முறை முயல வேண்டும். உள்ளே தேங்கியது காற்றோடு போய்விடும்.

பொறிதான் என்று தெரிந்தால் அடுத்தது இருட்டுச் சோதனை. இதைச் சொல்வதற்கு ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறேன்.

பிறையில் ஒரு தொழிற்சாலையில் காலை ஷிப்டு பார்க்கும் ஓர் அம்மா, கணவர் விட்டுப்போன பழைய சாகாவை ஓட்டிக்கொண்டிருந்தார். மழை பெய்த மறுநாள் எழும்பாது. வேறு இடத்தில் பேட்டரி மாற்றியிருந்தார்கள், பிளக் மாற்றியிருந்தார்கள், பிறகு காயிலும் மாற்றியிருந்தார்கள். முந்நூறு வெள்ளிக்கு மேல் போயிருந்தது.

"இன்னும் என்னாண்ணே மாத்தணும்?" என்றார்.

"ஒண்ணும் மாத்த வேணாம்மா. அடுத்த வாட்டி ராத்திரி மழ பேஞ்சா, காலையில வண்டியத் தொடாம எனக்குப் போன் போடுங்க. சாவியக்கூடத் திருப்பாதீங்க. தொடைக்காதீங்க."

"வேலைக்கு லேட்டாயிருமே?"

"ஆவாது. நானே கொண்டுபோயி விடுறேன்."

அந்த வாரமே மழை வந்தது. ஆறு மணிக்கு அவர் தாமானுக்குப் போனேன். நன்றாக இருட்டு. வண்டி வாசலில் நனைந்து நின்றது. முதலில் பெட்ரோல் வாடை வருகிறதா என்று மோந்து பார்த்தேன். எங்காவது ஒழுகினால் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. பானட்டைத் திறந்து வைத்து, வாசல் விளக்கை அணைக்கச் சொல்லி, கண் இருட்டுக்குப் பழகும் வரை நின்றேன். பிறகு அவரைச் சாவியைத் திருப்பச் சொன்னேன்.

மூன்றாம் சிலிண்டர் கேபிள், இரும்புப் பட்டையில் உரசிப் போகும் இடத்தில், நீல ஊதாவாகப் பளிச்சென்று குதித்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் பக்கவாட்டிலும் ஒரு வெளிச்சம் ஊர்ந்தது. கூடவே 'டிக், டிக்' என்று சன்னமான சத்தம். வண்டி சுற்றியது, பற்றவில்லை.

இரண்டு கசிவு கண்ணில் பட்டுவிட்டது. இரண்டில் எது வண்டியை நிறுத்துகிறது என்று தெரிய வேண்டும். ஸ்டார்ட்டரை நிறுத்தச் சொல்லி, பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு, மூடியை மட்டும் எடுத்தேன். உட்புறம் பனித்துளி மாதிரி முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. சாயங்காலம் சூட்டோடு நின்ற இன்ஜின் ராத்திரி மழையில் ஆறும்போது, உள்ளே அடைபட்ட ஈரக் காற்று சுவரில் நீராகப் படிந்துவிடும். மூடிக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்க வேண்டிய ரப்பர் சீலைக் காணோம். முன்பு யாரோ கழற்றி மாட்டியபோது விட்டிருக்கிறார்கள். டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தபோது, ஒரு முனையிலிருந்து விளிம்பு வரை மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தது. நகத்தால் சுரண்டினால் போகவில்லை. வெடிப்பில் மின்சாரம் ஓடி ஓடிப் பிளாஸ்டிக்கே கரியாகிவிட்ட தடம் அது. ஒரு முறை கரித்தடம் விழுந்துவிட்டால் எவ்வளவு துடைத்தாலும் அந்த மூடி உதவாது. கரியே மின்சாரத்துக்குப் பாதை.

கையில் கொண்டுபோயிருந்த வேறு மூடியை மாட்டினேன். கேபிளை ஈரத்தோடு அப்படியே விட்டேன். வண்டி மூன்றாம் சுற்றில் பற்றிக்கொண்டது. ஆனால் நடுங்கிக்கொண்டு ஓடியது. மூன்றாம் கேபிளில் வெளிச்சம் இன்னும் குதித்தது. ஆக, எழும்ப விடாதது மூடி, நடுங்க வைப்பது கேபிள். அந்த அம்மா எட்டிப் பார்த்து, "இந்த வெளிச்சத்துக்கா அண்ணே இம்புட்டுக் காசு?" என்றார். ஏழு மணிக்குள் அவரை ஷிப்டில் விட்டேன். மத்தியானம் புது மூடி, ரோட்டர், ரப்பர் சீல், ஒரு செட் கேபிள் போட்டு, கேபிள்கள் இரும்பில் உரசாமல் கிளிப்பில் ஒதுக்கிவிட்டேன். அதற்குப் பிறகு தண்ணீர் தெளிப்பானை எடுத்து, பட்டறைக் கதவை இறக்கி இருட்டாக்கி, புதுச் சாமான்களின் மேலேயே சன்னமாக அடித்து வண்டியை எழுப்பினேன். எங்கும் வெளிச்சமில்லை. கோளாறை வரவழைக்கும் அதே நிலையில் அது வரவில்லை என்று பார்த்த பிறகுதான் வண்டியை ஒப்படைக்க வேண்டும்.

பழைய கேபிளைப் பட்டறையில் மீட்டரில் வைத்துப் பார்த்தேன். சில ஆயிரம் ஓம்; அந்த நீளத்துக்குச் சரியான அளவு. மீட்டர் அனுப்புவது சொற்ப வோல்ட். கேபிளுக்குள் மின்சாரம் போகும் பாதை அறுந்திருந்தால்தான் அது காட்டும். வெளித்தோல் 20,000 வோல்ட்டைத் தாங்குமா என்பதை அதனால் சொல்ல முடியாது. கேபிள் நல்ல கேபிள் என்று சொல்லி அனுப்பிவிடும் பட்டறைகள் மீட்டரை மட்டும் பார்த்தவை. மீட்டருக்குத் தெரியாததைக் காட்ட இருட்டும் ஈரமும் வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். இன்ஜின் சுற்றும்போது கேபிளையோ மூடியையோ கையால் தொடக் கூடாது. பொறி வருகிறதா என்று பார்க்கக் கேபிளைக் கழற்றிக் காற்றில் தொங்க விடக் கூடாது. உங்களுக்கு அடிப்பதோடு எலக்ட்ரானிக் இக்னிஷன் பெட்டியும் கருகிவிடும். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் பானட் பக்கமே வர வேண்டாம். தெளிப்பானில் குழாய்த் தண்ணீர் போதும். சன்னமாக, அந்தந்த இடத்தில் மட்டும். பெல்ட் சுற்றும் இடத்தில் துணி, தாவணி, தலைமுடி எதுவும் தொங்கக் கூடாது.

ஈரம் விரட்டும் ஸ்பிரே டப்பாக்கள் எல்லாக் கடையிலும் கிடைக்கின்றன. வழியில் நின்றுவிட்ட வண்டியை வீடு கொண்டுவந்து சேர்க்க அவை உதவும். அதையே மருந்தாக எண்ணி வாரா வாரம் அடித்துக்கொண்டிருந்தால், அதன் பிசுக்கிலும் தூசி ஒட்டும். சிலர் மூடியைச் சுற்றி சிலிக்கோன் பூசி அடைத்துவிடுவார்கள். அது கெடுதல். உள்ளே பொறி குதிக்கும்போது ஓசோனும் அமில ஆவியும் உண்டாகும். அவை வெளியேறத்தான் டிஸ்ட்ரிபியூட்டரில் சின்னத் துவாரம் வைத்திருக்கிறார்கள். அதை அடைத்தால் உள்முனைகள் சீக்கிரம் அரித்துப்போகும். பழைய வண்டிச் சாமான் விற்கும் ஹாஃப்கட் கடையில் மூடியும் கேபிளும் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவதும் வேண்டாம். இன்ஜின், கியர்பாக்ஸுக்கு அந்தக் கடைகள் நல்லவை. ரப்பரும் பிளாஸ்டிக்கும் அங்கேயும் நம் வண்டியின் வயதோடுதான் இருக்கும்.

வெள்ளம் வேறு கதை. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கை மூழ்கடித்த மழைக்குப் பிறகு, தண்ணீரில் நின்ற வண்டிகளை எழுப்பிப் பார்த்து இன்ஜினைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல், பிஸ்டனைத் தள்ளும் கம்பியே வளைந்துவிடும். பானட் வரை தண்ணீர் ஏறிய வண்டியில் சாவியே போடக் கூடாது. இழுத்துக்கொண்டுதான் வர வேண்டும்.

இப்போது வரும் வண்டிகளில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. 2005இல் வந்த பெரோடுவா மைவியிலேயே ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தனிக் காயில் உட்கார்ந்துவிட்டது. இருந்தும் இன்ஜினை நீர் பீச்சிக் கழுவி, பிளக் குழியில் தண்ணீர் தேங்கி, நடுங்கிக்கொண்டு வருகிற வண்டிகள் இருக்கின்றன. காயிலின் அடி ரப்பர் வெடித்திருந்தால் அங்கேயும் அதே கசிவு. என்னிடம் கற்க வரும் தம்பிகள் ஸ்கேனரைச் செருகி எத்தனையாவது சிலிண்டர் என்று கண்டுவிடுவார்கள். அந்தச் சிலிண்டரில் எது, ஏன் என்பதற்கு அவர்களும் காயிலை வெளியே எடுத்து, ரப்பரில் வெள்ளைக் கோடோ கறுப்புக் கோடோ இருக்கிறதா என்று சாய்த்துச் சாய்த்துப் பார்க்கத்தான் வேண்டும். அதைச் செய்யாமல் நாலு காயிலையும் மாற்றச் சொல்கிறவனை நான் வேலைக்கு வைத்துக்கொள்வதில்லை.

கடைசியாக ஒன்றை வண்டிக்காரர்களிடமும் சொல்ல வேண்டும். நம் ஊரில் சாமானுக்குக் காசு கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஒன்றும் மாற்றாமல் ஒரு மணி நேரம் பார்த்தோம், அதற்குக் கூலி என்றால் முகம் மாறிவிடும். அதனால்தான் பல பட்டறைகளில் பார்ப்பதில்லை, மாற்றுகிறார்கள். பேட்டரி விற்றால் லாபம் உண்டு, இருட்டில் நின்று பார்த்தால் இல்லை என்று இருக்கும் வரை, பேட்டரிதான் முதலில் மாறும். அந்த அம்மாவுக்கு முதலிலேயே யாராவது ஐம்பது வெள்ளி வாங்கிக்கொண்டு ஈரத்தில் பார்த்திருந்தால், முந்நூறு வெள்ளி மிஞ்சியிருக்கும். வேலைக்குத் தாமதமாகப் போன நாட்களின் சம்பளமும் மிஞ்சியிருக்கும். எனவே, மழைக்குப் பிறகு காடி எழும்பவில்லை என்றால் துடைக்காதீர்கள். எப்படிச் சுற்றுகிறது என்று காது கொடுத்துக் கேட்டு, போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். முந்தின ராத்திரி வண்டி எங்கே நின்றது, மழை எப்போது விட்டது, கடைசியாக என்ன சாமான் மாறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஈரம் காய்வதற்குள் வந்து பார்க்க ஒப்புக்கொள்ளும் பொமேனைத் தேடிப் பிடித்து, அவர் பார்ப்பதற்குக் கூலி கொடுங்கள். அது அவர் செய்த வேலைக்கான காசு.